அப்பாவின் சிவப்புப் பேனா

பேப்பரைப் புரட்ட அப்பா கையைத் தூக்கினார். மணிக்கட்டில் இருக்க வேண்டிய கடிகாரம் வழுக்கிக்கொண்டு முழங்கைப் பக்கம் இறங்கியது. எழுந்து போய் வாரைப் பார்த்தேன். ஏற்கெனவே இருந்த ஓட்டைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.

"இது எப்பப்பா போட்டீங்க?"

"போன மாசம். வார் இளகிடுச்சும்மா."

இளகியது வார் இல்லை. அன்றைக்கே எடை பார்த்தோம். 61 கிலோ இருந்தவர் 49 கிலோ ஆகியிருந்தார். ஒரே வீட்டில் தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இல்லை, பட்டது. ஆனால் பார்க்கும்போதெல்லாம் "வயசாச்சு இல்லையா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அப்பாவும் அதையேதான் சொன்னார்.

அப்பாவுக்கு அப்போது 73 வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை, அதோடு ரத்த அழுத்தமும் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்து, ஆறு மாதச் சிகிச்சை முடித்து, இப்போது நலமாக இருக்கிறார். அந்த நாட்களில் அவரைப் பக்கத்தில் இருந்து கவனித்தவள் நான். இதே நிலையில் வேறு யாராவது வீட்டில் அப்பாவோ அம்மாவோ இருக்கலாம். நாங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டது அவர்களுக்கு முன்னாலேயே தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

டிபி என்றால் மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, ரத்தத்தோடு இருமல் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்பாவுக்கு இதில் ஒன்றுமே இல்லை. சாப்பாடு குறைந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கே படுத்துவிடுவார். பேச்சில் கொஞ்சம் தடுமாற்றம். நேற்று நடந்ததை இன்றைக்கு நடந்ததாகச் சொல்வார். இருமல் இருந்தது, ஆனால் அவருக்கு இருமல் எப்போதும் இருப்பதுதான். வயதானவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி மங்கிவிடுவதால் காய்ச்சலே வராமல் போகலாம், எடை குறைவும் அசதியும் குழப்பமும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். எக்ஸ்ரேயிலும் நுரையீரலின் மேல்பகுதியில் தெரிய வேண்டிய நிழல் கீழ்ப்பகுதியில் தெரிந்து, பார்ப்பவருக்குச் சாதாரண நிமோனியா போலத் தோன்றலாமாம். அப்பாவுக்கு அப்படித்தான் தோன்றியது.

முதலில் காட்டிய இடத்தில் நிமோனியா என்று சொல்லி லெவோஃப்ளாக்சசின் மாத்திரை ஏழு நாளுக்குக் கொடுத்தார்கள். அப்பா தேறினார். சாப்பாடு கூடியது, இருமல் குறைந்தது. மூன்று வாரம் கழித்துப் பழையபடி ஆனதும் அதே மாத்திரையை மறுபடியும் வாங்கினோம். மறுபடியும் கொஞ்சம் தேறினார். இதைவிட ஏமாற்றும் நல்ல செய்தி வேறு இல்லை. லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் தாக்கக் கூடியவை. ஒரு வாரம் கொடுத்தால் கிருமி ஒடுங்கும், நோயாளி தேறியது போல இருக்கும், சளிப் பரிசோதனையில்கூடப் பிடிபடாமல் போகலாம். சாகாமல் தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளவும் வழி உண்டு. பின்னால் இந்த நோய்க்குத் தேவைப்படப்போகிற மருந்தும் அதே வகைதான். அதனால் இருமலுக்கென்று வாங்கிய ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் எடுத்து வையுங்கள். டிபி டாக்டர் எங்களிடம் முதலில் கேட்டதே, "இதுக்கு முன்னாடி என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், எத்தனை நாள்?" என்பதுதான். எங்களிடம் ஒரு சீட்டுதான் இருந்தது.

அடுத்தது சளி. வாசிக்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்களுக்கு நான்கு நாள் போயிற்று. அப்பாவால் சளியைக் காறித் துப்ப முடியவில்லை. இருமுவார், கண்ணில் தண்ணீர் வரும், டப்பாவில் விழுவது எச்சில். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், "கிருமி இல்லை" என்று முடிவு வந்தது. எச்சிலில் எப்படி இருக்கும்? இன்னொரு இடத்தில் ஒரு சிஸ்டர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன்பு, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். வெட்டவெளியில் உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்துச் சில நொடி அடக்கி, பிறகு வெளியே விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு அடியிலிருந்து இரும வேண்டும். அப்படியும் வராவிட்டால் உப்புநீரை நெபுலைசரில் வைத்து முகரச் செய்து சளியை வரவைப்பார்கள். அப்பாவுக்கு அதுதான் தேவைப்பட்டது. கெட்டியாக, மஞ்சளாக ஒரு ஸ்பூன் அளவு வந்தது. மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிந்தது.

இங்கேதான் இரண்டாவது முறை தவறினோம். டிபி என்று உறுதியானதும் வழக்கமான நான்கு மருந்துகளை ஆரம்பித்துவிட்டார்கள். மருந்து வேலை செய்யுமா என்று சொல்லும் மூலக்கூறு பரிசோதனையைச் செய்யவில்லை, எங்களுக்கும் அதைக் கேட்கத் தெரியவில்லை. மைக்ராஸ்கோப் கிருமி இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். அது எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று அதில் தெரியாது. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற பரிசோதனையில் கிருமி இருக்கிறதா என்பதும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதும் சுமார் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரிலேயே அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. சளியைக் கொடுக்கும்போதே "ரெசிஸ்டன்ஸ் டெஸ்டும் சேர்த்துப் பாருங்க" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

இரண்டு மாதம் அப்பா அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டார். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. நான்கில் இன்னொன்றான பைரசினமைடால் யூரிக் அமிலம் கூடி மூட்டுகள் வலித்தன. அதையும் வயசுக் கணக்கில் எழுதினோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் சளியில் கிருமி அப்படியே இருந்தது. அப்போதுதான் ஜீன்எக்ஸ்பர்ட் செய்தார்கள். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி. தொடர்ந்து செய்த பரிசோதனையில், அந்த நான்கில் மற்றொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிடுக்கும் கட்டுப்படவில்லை என்று தெரிந்தது. இந்த இரண்டுக்கும் கட்டுப்படாவிட்டால் அதற்குப் பெயர் எம்டிஆர். நல்லவேளையாக, லெவோஃப்ளாக்சசின் இரண்டு முறை சாப்பிட்டிருந்தும் அந்த வகை மருந்துக்குக் கிருமி இன்னும் கட்டுப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்திக்கொண்டார். ராத்திரி நான் மாத்திரை கொண்டுபோனபோது, "எல்லாம் நான் செஞ்சதும்மா" என்றார். அவருக்கு நாற்பத்தைந்து வயதில் ஒரு முறை டிபி வந்திருக்கிறது. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டு, உடம்பு நன்றாக ஆனதும் விட்டுவிட்டார். அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது. வேலைக்குப் போகும் இடத்தில் தெரிந்துவிடும் என்று பயந்தாராம்.

மறுநாள் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு தாளை எடுத்து அப்பாவுக்குப் புரிகிற கணக்கிலேயே விளக்கினார். கிருமிகள் பெருகும்போது, மருந்தே படாமல் இருந்தாலும், சுமார் பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியாசிடுக்கு அசையாததாகப் பிறக்கும். ரிஃபாம்பிசினுக்கு அப்படிப் பிறப்பது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தப்பும் கிருமி கிட்டத்தட்ட இருக்காது. "இரண்டையும் பெருக்கிப் பாருங்க ஐயா" என்றார். அப்பா பெருக்கினார். மருந்தை அரைகுறையாக விட்டாலோ, ஒற்றை மருந்து மட்டும் உடம்பில் இருந்தாலோ, தப்பியதெல்லாம் பெருகி அதுவே பெரும்பான்மை ஆகிவிடும். "ஆனா, அன்னிக்கு நீங்க விட்டதாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மருந்துக்கு அசையாத கிருமி இருக்கிற யாரோ ஒருத்தர் இருமின காத்துலேருந்து நேராவும் வந்திருக்கலாம். இப்ப நிறைய பேருக்கு அப்படித்தான் வருது." அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குற்றவுணர்ச்சியோடு இருக்கும் வயதானவர் மருந்தைத் தண்டனையாகச் சாப்பிடுவார், பக்க விளைவு வந்தால் வாய் திறந்து சொல்ல மாட்டார். அதனால் அந்தத் தாளுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இனி நான் எழுதப்போவதை வேறு யாரும் எங்களுக்கு எச்சரிக்கவில்லை. ரிஃபாம்பிசின், ஈரலில் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். அந்த இரண்டு மாதமும் அப்பாவின் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, சர்க்கரையும் ஏறியது. அதனால் அழுத்தத்துக்கான அம்லோடிபினையும் சர்க்கரைக்கான க்ளிமிபிரைடையும் கூட்டினார்கள். அது அப்போதைக்குச் சரிதான். ஆனால் கிருமி கட்டுப்படவில்லை என்று தெரிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியபோது, கூட்டிய இந்த இரண்டையும் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. முடுக்கம் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் அதே மாத்திரை உடம்பில் முன்பைவிட அதிகமாகத் தங்கும். பத்தாவது நாள் விடிகாலை, குளியலறை வாசற்படியில் அப்பா விழுந்து கிடந்தார். சர்க்கரை 58. நிற்க வைத்தால் அழுத்தம் சட்டென்று இறங்கியது. எலும்பு எதுவும் முறியவில்லை. தூக்கி உட்கார வைக்கும்போது, "வயசானா விழறதுதான்" என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். ரிஃபாம்பிசின் ஆரம்பித்தாலும் நிறுத்தினாலும், அதற்கடுத்த மூன்று வாரம் வீட்டிலேயே அழுத்தமும் சர்க்கரையும் தினமும் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

புது மருந்துகள் நான்கு: பெடாக்குயிலின், ப்ரெடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின். ஆறு மாதம், சரியாகச் சொன்னால் 26 வாரம். ஊசி கிடையாது. முன்பெல்லாம் இந்த நோய்க்குப் பதினெட்டு, இருபது மாதம் மருந்து. அதில் பல மாதம் தினமும் ஊசி போடுவார்கள், அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனம் இந்த ஆறு மாத முறையை 2022-இல் பரிந்துரைத்தது. பெலாரஸ், உஸ்பெகிஸ்தான், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வில், இந்த நான்கு மருந்தைச் சாப்பிட்டவர்களில் 89 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது, பழைய முறையில் 52 சதவீதம். ஆனால் அந்த ஆய்வுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் இளைய வயதுக்காரர்கள். அதை டாக்டரே மறைக்காமல் சொன்னார். மருந்து அப்பாவுக்கும் வேலை செய்யும், ஆனால் இளைஞர் ஒருவரைவிட அவரை இரண்டு மடங்கு அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

முதல் இரண்டு வாரம் பெடாக்குயிலின் தினமும் நான்கு மாத்திரை, அதன்பின் வாரத்தில் மூன்று நாள் இரண்டிரண்டாக. மற்றவை தினமும் ஒவ்வொன்று. பெடாக்குயிலினை வெறும் வயிற்றில் போட்டால் பாதிதான் உடம்பில் சேரும், சாப்பாட்டோடு போட்டால் இரண்டு மடங்கு சேரும். அதனால் நான்கு வாய் சாப்பிட்ட பிறகு, நடுவில் கொடுப்பேன். அப்பாவுக்கு ஞாபகமறதி இருந்ததால் டப்பாவை அவர் கையில் கொடுக்கவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவரை மாத்திரை எண்ண விடாமல் வைத்தால் எப்படிப் பிடிக்கும்? அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நான். விழுங்கியதும் சுவர்க் காலண்டரில் அன்றைய தேதியின் மேல் சிவப்புப் பேனாவால் டிக் போடுவது அவர். விடைத்தாள் திருத்திய காலத்திலிருந்து அவர் மேஜையில் எப்போதும் சிவப்புப் பேனா ஒன்று இருக்கும்.

மாக்சிஃப்ளாக்சசினில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ஆன்டாசிட் சிரப், இரும்புச் சத்து, கால்சியம், துத்தநாகம் கலந்த சத்து மாத்திரை எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இவற்றுக்கு நான்கு மணி நேரம் முன்னால் மாக்சிஃப்ளாக்சசினைப் போட வேண்டும், அல்லது எட்டு மணி நேரம் பின்னால். வயதானவர்கள் வீட்டில் இந்தச் சிரப்பும் சத்து மாத்திரையும் இல்லாத இடமே கிடையாது. அப்பா இரண்டு வாரம் மாத்திரை போட்ட கையோடு சிரப் குடித்துக்கொண்டிருந்தார். அது "மருந்தில்லை" என்பதால் என்னிடம் சொல்லவில்லை. குதிகால் தசைநாரில் வலி வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். இந்த வகை மருந்தால் வயதானவர்களுக்குத் தசைநார் அறுந்துபோகக்கூட வாய்ப்பு உண்டு.

அப்புறம் இதயம். பெடாக்குயிலினும் மாக்சிஃப்ளாக்சசினும் இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தில் க்யூடி என்ற இடைவெளியை நீட்டும். அதிகம் நீண்டால் துடிப்பு தாறுமாறாகிவிடும். அதனால் ஆரம்பிக்கும் முன்பு ஒரு ஈசிஜி, இரண்டு வாரத்தில் ஒன்று, பிறகு மாதாமாதம். அப்பாவுக்கு ஆரம்பத்தில் 431 மில்லிசெகண்ட் இருந்தது. ஆறாவது வாரம் 476. 500-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டிவரும். ஏன் இப்படி ஏறியது என்று தேடியபோது இரண்டு காரணங்கள் கிடைத்தன. ஒன்று, அழுத்தத்துக்காக அவர் சாப்பிட்ட தண்ணீர் மாத்திரை. சிறுநீரை அதிகம் போகவைத்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்திருந்தது. பொட்டாசியம் குறைந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். இரண்டாவது, வாந்தி வருகிறது என்று வேறொரு இடத்தில் வாங்கிய டோம்பெரிடோன். அதுவும் க்யூடியை நீட்டும் மருந்து. டிபி மருந்து சாப்பிடுவதை அங்கே சொன்னோம்தான், ஆனால் பெயர்களைச் சொல்லவில்லை. தண்ணீர் மாத்திரையை மாற்றினார்கள், டோம்பெரிடோனை நிறுத்தினார்கள், பொட்டாசியம் ஏற்றினார்கள். மறுவாரம் 452.

அன்றைக்கு ஒரு அட்டையில் அப்பா சாப்பிடும் எல்லா மருந்தையும் பெரிய எழுத்தில் எழுதி, அவர் சட்டைப்பையில் அந்தப் பெருக்கல் கணக்குத் தாளோடு சேர்த்து வைத்தேன். கண் சொட்டு மருந்துகூட அதில் உண்டு. அட்டையின் பின்பக்கம், "கேட்காமல் கொடுக்க வேண்டாம்: வாந்தி மருந்து, தூக்க மருந்து, மனச்சோர்வு மருந்து, அசித்ரோமைசின்" என்று எழுதினேன். மனச்சோர்வு மருந்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம், லினசோலிட் அவற்றில் பலவற்றோடு ஒத்துப்போகாது. செரடோனின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறிக் கூடி, நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம்.

அப்பா மனதளவில் உண்மையிலேயே உடைந்துபோயிருந்தார். முதல் வாரம் தன் தட்டை, டம்ளரை, துண்டை எல்லாம் தானே தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பேரன் அறை வாசலில் வந்து நின்றால் "போ, போ" என்று கத்துவார். டிபி தட்டிலோ துணியிலோ பரவுவதில்லை, இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. பயப்பட வேண்டியது மூடிய அறைக்கு. ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தோம். ஆரம்ப வாரங்களில் அவர் மாஸ்க் போட்டுக்கொண்டார், நாங்கள் உள்ளே போகும்போது என்95 போட்டுக்கொண்டோம். வெளியே மரத்தடியில் நாற்காலி போட்டு, பேரனைத் தள்ளி உட்கார வைத்து, அங்கிருந்தே கணக்குப் பாடம் நடக்கும். சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கினால் பரப்பும் தன்மை வேகமாகக் குறையும். சளியில் உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை, அப்பாவுக்கு இரண்டாவது மாதம் நெகட்டிவ் ஆனது. அன்றைக்கு அவரே தட்டைக் கொண்டுவந்து எங்கள் தட்டுகளோடு அடுக்கினார்.

வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. அம்மாவுக்கு மட்டும் தடுப்புக்காக லெவோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். எம்டிஆர் நோயாளியோடு இருப்பவர்களுக்கு ஆறு மாதம் அதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும். நோய் இருக்கும்போது ஒற்றை மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அப்பாவின் கணக்கிலேயே பார்த்தோம்.

லினசோலிடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கில் வயதானவர்களை அதிகம் படுத்துவது அதுதான். எலும்பு மஜ்ஜையை அமுக்கும், அதனால் ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. ஒன்பதாவது வாரம் அப்பாவின் ஹீமோகுளோபின் 11.2-இலிருந்து 8.6-க்கு இறங்கியது. சில நாள் நிறுத்தி வைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கவும் செய்யலாம்.

மூன்றாம் மாதம், அப்பா ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் வெளியிலிருந்து நடந்து வந்தார். இன்னொன்று எங்கே என்றேன். குனிந்து பார்த்தார். கழன்றது அவருக்குத் தெரியவில்லை. பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். எவ்வளவு நாளாக என்று கேட்டால், ஒரு மாதமாக. "சர்க்கரை இருக்கிறவங்களுக்குக் கால் மரத்துத்தானே போகும், அதுக்கெல்லாம் உன்னைத் தொந்தரவு பண்ணணுமா?" என்றார். சர்க்கரையாலும் மரக்கும், லினசோலிடாலும் மரக்கும். பழைய மரப்பு எவ்வளவு என்று சிகிச்சைக்கு முன்பே பார்த்து எழுதி வைத்திருந்தால்தான் புதிதாகக் கூடியது எவ்வளவு என்று தெரியும். நாங்கள் பார்க்கச் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும் எளிய சோதனைதான் அது.

அதன் பிறகு நடந்தது பேனா விஷயம். 18-ஆவது வாரம் என்று நினைக்கிறேன். அப்பா டிக் போட்டுவிட்டு, "இந்த ரீஃபில் மை தீரப்போகுதும்மா, பழுப்பாப் போகுது" என்றார். வேறு ரீஃபில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "இதுவும் அப்படித்தான் இருக்கு, இப்பெல்லாம் மையே சரியில்லை" என்றார். வேறு கம்பெனிப் பேனாவே வாங்கினேன். ஒரு வாரம் நான் பேனா வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம்!

காலண்டரில் அவர் போட்ட டிக்குகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் மாதத்து டிக்கும் நேற்றைய டிக்கும் என் கண்ணுக்கு ஒரே சிவப்பு. அப்பாவை நிற்க வைத்து இடது கண்ணை மூடச் சொல்லிக் கேட்டேன். "லேசா மங்கின சிவப்பு." வலது கண்ணை மூடச் சொன்னேன். "இது செங்கல் மாதிரி இருக்கே." அவர் குரல் மாறிவிட்டது.

லினசோலிட் பார்வை நரம்பைத் தாக்கினால் பல சமயம் முதலில் வெளுப்பது சிவப்புதான். எழுத்து மங்குவது அதற்குப் பிறகு வரலாம். மாதாமாதம் கண் பரிசோதனை உண்டுதான். ஆனால் வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா தாளை அப்பாவுக்கு முதல் மாதத்துக்குப் பிறகு காட்டவே இல்லை. "கேட்டராக்ட் இருக்கிறவருக்கு எப்படியும் சரியாத் தெரியாது" என்று விட்டுவிட்டார்கள். நாங்களும் தலையாட்டினோம். கேட்டராக்ட் இருந்தாலும் போன மாதம் படித்த எண்ணை இந்த மாதம் படிக்க முடியவில்லை என்றால் அது செய்திதான். ஒவ்வொரு கண்ணாகக் காட்ட வேண்டும். இரண்டையும் திறந்து வைத்துப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும்.

அன்றே போனோம். டாக்டர் லினசோலிடை அடியோடு நிறுத்தினார். நான்கு மாதத்துக்கு மேல் சாப்பிட்டாயிற்று, கல்ச்சரும் நெகட்டிவாகவே இருக்கிறது, அதனால் மற்ற மூன்றோடு மீதி வாரங்களை முடிக்கலாம் என்று முடிவு செய்தார். இந்த முடிவை வீட்டில் நாமாக எடுக்கக் கூடாது. ஒரு மருந்தை மட்டும் நாமே நிறுத்தினால் மற்றவை பலவீனப்பட்டு, கிருமி அவற்றுக்கும் பழகிவிடும். நாம் செய்ய வேண்டியது அன்றே போய்ச் சொல்வது.

26 வாரம் முடிந்தது. கடைசி டிக்கை அப்பா கொஞ்சம் பெரிதாகவே போட்டார். முடிந்த பிறகும் பெடாக்குயிலின் மாதக்கணக்கில் உடம்பில் தங்கியிருக்கும், பாதியாகக் குறையவே ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் அந்த அட்டை இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. முடிந்து 6-ஆவது மாதமும் 12-ஆவது மாதமும் சளி கொடுத்தோம், இரண்டும் நெகட்டிவ். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதலில் நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்தோம். ஆறிய நுரையீரலில் தழும்பு இருக்கும், அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று சொல்லி மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். எடை 58 கிலோ. வாரில் ஆணியால் குத்திய ஓட்டைக்கு இப்போது வேலை இல்லை.

கால் மரப்பு முழுசாகப் போகவில்லை. செருப்புக்குப் பதில் பின்வார் வைத்த காலணி போட்டுக்கொள்கிறார். பார்வை மெல்லத் திரும்பியது. வலது கண்ணில் சிவப்பு இரண்டே மாதத்தில் சிவப்பாகிவிட்டது. இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் செங்கல் நிறம் கலந்திருக்கிறது என்கிறார். தினமும் காலையில் மேஜை முன்னால் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி ஒரு தடவை, மறு கண்ணை மூடி ஒரு தடவை பார்க்கிறார். பார்த்துவிட்டு எனக்குக் கேட்கும்படி, "நேத்து மாதிரியேதான் இருக்கும்மா" என்று குரல் கொடுக்கிறார்.